கேர்லாசரின் நிறுவுதிறன்

ஜோத்பூர் பக்கம் பாலைவனத்தில் இருக்கும் கேர்லாசர் கிராமத்துக்கு நிலக்கரியிலிருந்து விடுதலை கிடைத்த நேரத்தில் புர்காராமின் மாவு மில்லில் அரை மூட்டைக் கம்பு அரைபட்டு முடிந்திருந்தது. மீதி அரை மூட்டை மேல்தொட்டியில் கிடந்தது. மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டது. பெல்ட் வீம்புக்கு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. வெளியே பலத்த கைதட்டல் கேட்டது.

வழக்கமாகப் போகிற கரண்டுதான் என்று நினைத்த புர்காராம் புருவமெல்லாம் மாவோடு வெளியே வந்து பார்த்தான். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். டிரான்ஸ்பார்மருக்குச் சாமந்தி மாலை. அமைச்சர் கையில் தங்க வர்ணம் பூசிய கட்டிங் பிளேயர். வெட்டுப்பட்ட கம்பியின் இரு முனையிலும் பச்சை ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் மாநிலப் பசுமைத் திறன் வளர்ச்சி இயக்ககத்தின் இயக்குநர் சுமேர்மல் லோடா, கோட்டு போட்டுக்கொண்டு, மைக்கில் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. மைக்குக்கும் அதே கம்பியில்தான் கரண்ட் வந்துகொண்டிருந்தது என்பதை விழா ஏற்பாட்டாளர்கள் அப்போதுதான் கவனித்தார்கள்.

பந்தலுக்குப் பின்னால் பச்சைத் துணி போட்டு மூடியிருந்த டீசல் ஜெனரேட்டரை யாரோ கிளப்பினார்கள். புகை வந்தது. கூடவே லோடா சாகேபின் குரலும் வந்தது.

"தாய்மார்களே, பெரியோர்களே! இந்த நொடியிலிருந்து கேர்லாசரில் எரிகிற விளக்குகளில் ஒன்றுகூட நிலக்கரியில் எரியாது. சவால் விடுகிறேன். யார் வேண்டுமானாலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்திருக்கும்.

பிறகு அமைச்சர் பேசினார். "உலகத்திலே பெரிய பெரிய நாடுகளெல்லாம் தங்கள் எரிசக்திக் கலவையில் நிலக்கரியின் பங்கை ஒன்று, இரண்டு என்று குறைக்க முக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாக்காரன் எத்தனை மாநாடு போட்டான்! எத்தனை ஒப்பந்தம் போட்டான்! நாங்கள் ஒரே வெட்டு. முடிந்தது. அதற்கு மன உறுதி வேண்டும். ஒரு கட்டிங் பிளேயரும் வேண்டும்."

எல்லோருக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். புர்காராமும் வாங்கித் தின்றான். லட்டு நன்றாகவே இருந்தது.

ஊர்க்காரர்கள் யாரும் அன்று கவலைப்படவில்லை. கவலைப்பட என்ன இருக்கிறது? ஊருக்கு மேற்கே, முன்பு ஆடுமாடு மேய்ந்த பொதுநிலம் முழுவதும் சூரியத் தகடுகள். கண்ணுக்கு எட்டியவரை நீலமாகக் கிடந்தன. ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு பலகை சொன்னது. உலகத்திலேயே பெரியது என்று இன்னொரு பலகை சொன்னது. நிலத்தைக் கொடுக்கும்போதே, 'முதல் வெளிச்சம் உங்களுக்குத்தான்' என்று லோடா சாகேப் பஞ்சாயத்தில் கையடித்துச் சொல்லியிருந்தார். நிலக்கரி போனால் சூரியன் வரும். அது நியாயம்தானே?

சூரியன் வந்தது. தினமும் காலையில் வந்து சாயங்காலம் போனது. கரண்ட் வரவில்லை.

"இன்னும் எத்தனை நாளு இப்பிடி?" என்று கேட்டாள் புர்காராமின் மனைவி தாபு. அவளுக்கு முன்னால் அவள் வீட்டில் ஐந்து பெண்கள். இனிப் போதும் என்று வைத்த பெயர் அது, நம் பக்கத்துப் 'போதும்பொண்ணு' மாதிரி. பெயர் வைத்ததோடு சரி, அவள் வாய் மட்டும் எதற்கும் போதும் என்று சொன்னதே கிடையாது. "ஊரே வந்து என் வாசல்ல கம்பு மூட்டையோட நிக்குது. நீங்க பாட்டுக்கு வானத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க, சுகி அப்பா. போய்க் கேளுங்க."

புர்காராம் துணை மின்நிலையத்துக்குப் போனான். ஜூனியர் இன்ஜினியர் கிர்தாரி அங்கே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். இரண்டு வருஷம் புர்காராமின் மில்லுக்கு எதிரே வாடகைக்கு இருந்தவன். சித்தப்பா முறை வைத்து 'காகா' என்றுதான் கூப்பிடுவான்.

"ராம் ராம் காகா. என்ன, இவ்வளவு தூரம்?"

"கரண்ட் எப்பப்பா வரும்?"

"எந்தக் கரண்ட்?"

"என்னப்பா எந்தக் கரண்ட்? கரண்ட்!"

கிர்தாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "காகா, பழைய கரண்டைக் கேட்டீங்கன்னா அது வெட்டினது வெட்டினதுதான். புதுக் கரண்டைக் கேட்டீங்கன்னா தகடு இருக்கு, வெயில் இருக்கு, கம்பி இல்ல. டில்லிக்குப் பெரிய லைன் போடணும். டவர் பாதிதான் நிக்குது. அது வர்ற வரைக்கும் தகடெல்லாம் சும்மா காயுது."

"அப்ப எங்க ஊருக்கு ஒரு சின்ன லைன் போட்டுக் குடு. இந்தா, இங்கேர்ந்து அங்க."

"அதுக்கு அனுமதி கிடையாது. இந்த சோலார் பார்க்கு தேசத்துக்கானது. உங்க ஊரு தேசத்துல இருக்கான்னு பாத்துச் சொல்ல ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. நீங்க ஜோத்பூர் போய் லோடா சாகேபையே பாத்துடுங்க. என் பேரைச் சொல்லாதீங்க."

ஜோத்பூரில் இயக்ககத்தின் பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே குளிர்ச்சி. லோடா சாகேபின் அறைச் சுவரில் உலகத்தின் எரிசக்திக் கலவை என்று வட்டமாக ஒரு படம். பச்சை, நீலம், மஞ்சள் என்று துண்டு துண்டாக. கருப்புத் துண்டுதான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மணிபிளாண்ட் தொட்டியை வைத்திருந்தார்கள். இலைகளுக்கு நடுவே கொஞ்சம் கருப்பு தெரிந்தது.

"கேர்லாசரா!" லோடா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "உக்காருங்க, உக்காருங்க! டீ சொல்லட்டுமா? உங்க ஊரு பேரு இப்ப எங்கெல்லாம் அடிபடுது தெரியுமா? ஜெனிவாவுல என் சம்பந்தி பையன் இருக்கான், அவன் போன் பண்றான்."

"சந்தோஷம் சாகேப். கரண்ட் இல்ல."

"அதான் சொல்றேன், உங்க ஊருல நிலக்கரிக் கரண்ட் துளிகூட இல்ல!"

"வேற கரண்டும் இல்ல சாகேப்."

லோடா பொறுமையாகச் சிரித்தார். படிக்காதவர்களிடம் பேசும்போது சிரிப்பதற்கென்றே அவரிடம் ஒரு தனிச் சிரிப்பு இருந்தது.

"உங்களுக்கு விஷயம் புரியல. நீங்க மில் வச்சிருக்கீங்க இல்ல? உங்க மில்லோட திறன் என்ன?"

"மணிக்கு ஒரு மூட்டை அரைக்கும்."

"கரண்ட் இல்லேன்னா?"

"ஒண்ணும் அரைக்காது."

"தப்பு!" லோடா மேஜையைத் தட்டினார். "கரண்ட் இல்லேன்னாலும் உங்க மில்லோட திறன் மணிக்கு ஒரு மூட்டைதான். அந்தத் திறனை யாராலும் உங்ககிட்டேர்ந்து பிடுங்க முடியாது. இதுக்குப் பேருதான் நிறுவுதிறன். நாட்டுல வருஷா வருஷம் நிறுவுதிறன் எப்படி வளருது பாத்தீங்களா? அந்தச் சுவத்து வரைபடத்துல கோடு போகுது பாருங்க, கூரையை முட்டுது. போன மாசம் கூரைக்கு மேல போயிடுச்சுன்னு பேப்பரை மடிச்சு ஒட்டியிருக்கோம்."

புர்காராம் வரைபடத்தைப் பார்த்தான். உண்மையாகவே மடித்துத்தான் ஒட்டியிருந்தார்கள்.

"எல்லாம் சரி சாகேப். அந்தத் திறனை எப்படித் தின்னுறது?"

"தின்னுறது உணவுத் துறை. நம்ம துறை திறன் மட்டும்தான். எங்க இயக்ககத்துப் பேருல 'உற்பத்தி'ன்னு எங்கயாவது வார்த்தை இருக்கா? போகும்போது பலகையைப் பாத்துட்டுப் போங்க."

புர்காராம் போகும்போது பார்த்தான். இவ்வளவு நீளமான பலகையில் அந்த ஒரு வார்த்தை இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்தபோது பெண்கள் பரணிலிருந்து கை எந்திரக் கற்களை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கம்பு ரொட்டி சாப்பிடுகிற ஊர். மாவு இல்லை என்றால் அடுப்பு இல்லை. விடியும் முன்னே வீட்டுக்கு வீடு கல் சுற்றும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கர்ப்பிணிகள் சுற்றினார்கள். பேறு முடிந்து எழுந்தவர்களும் சுற்றினார்கள். ஆண்கள் செல்போனைச் சார்ஜ் போட பலோதி சாலை டீக்கடைக்கு நடந்தார்கள். அது முக்கியமான வேலை என்பதால் கல் சுற்ற அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. சும்மா கிடக்கும் மில்லுக்குள் புர்காராம் உட்கார்ந்து, அசையாத பெல்ட்டுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தான்.

இதைப் பார்க்கவும் ஒரு குழு வந்தது. தலைநகரத்திலிருந்து வந்த கருத்தாளர்கள். லோடா முன்னால் நடந்து காட்டினார்.

"கவனியுங்கள், இது முற்றிலும் கார்பன் இல்லாத மாவு. உலகத்தில் வேறெங்கும் ஊர் முழுக்க இந்த மாவு கிடையாது. எந்த இயந்திரமும் இல்லை. எந்தக் கம்பியும் இல்லை. ஆற்றல் திறனில் இந்தப் பெண்மணி எங்கேயோ போய்விட்டார்."

கருத்தாளர்களில் ஒருவர் குனிந்து தாபுவைப் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரியுங்களேன் அம்மா."

"வந்து ரெண்டு சுத்து சுத்துங்க சாகேப், நானும் சிரிக்கிறேன்" என்றாள் தாபு.

லோடா அதை, "மிகவும் மகிழ்ச்சி என்கிறார்" என்று எடுத்துச் சொன்னார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை தாபுவால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தலையில் வைக்க முடியவில்லை. தோள் எழும்பவில்லை. புர்காராம்தான் தூக்கி வைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் புர்காராம் தன் மைத்துனனின் ஊருக்குப் போய், கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய டீசல் என்ஜினை ஒட்டக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினான். என்ஜின் நாலு முறை இருமியது. பிறகு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. மாவு கொட்டியது. பெண்கள் மூட்டையோடு ஓடி வந்தார்கள். ஒருத்தி என்ஜினுக்குக் குங்குமம்கூட வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. ஜீப் வந்தது. லோடாவும், இயக்ககத்தின் புள்ளியியல் அதிகாரி மாத்துரும் குதித்து இறங்கினார்கள். மாத்துருக்கு மூச்சு வாங்கியது. ஒரு வட்டப் படத்தை ஜீப்பின் முன்னால் விரித்தார். முழு வட்டமும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டய்யா!" என்றார் மாத்துர். குரல் உடைந்திருந்தது. "பாரு, பாரு இதை! கேர்லாசரின் எரிசக்திக் கலவை! நூத்துக்கு நூறு டீசல்!"

"ஒரு சின்ன என்ஜின்தானே சாகேப்? நாலு லிட்டர் ஊத்தினேன்."

"நாலு லிட்டரோ நாலு சொட்டோ, ஊருல ஓடுறதே அது ஒண்ணுதானய்யா! ஒண்ணுல ஒண்ணு நூறு இல்லாம வேற என்ன? போன வாரம் வரைக்கும் எவ்வளவு அழகா இருந்துது. பூஜ்யத்துல பூஜ்யம். பூஜ்யத்துல பூஜ்யம்னா கணக்குல எங்களுக்கு ஒரு சலுகை உண்டு, அதைப் பசுமை நூறுன்னு எழுதிக்கலாம். ஒரு கைப்பிடியைச் சுத்தி எல்லாத்தையும் கரியாக்கிட்ட!"

லோடா ஜீப்பில் சாய்ந்து நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உலக வரைபடத்துல கேர்லாசருக்கு ஒரு பச்சைப் புள்ளி வாங்க நான் எத்தனை பேரு காலைப் பிடிச்சேன் தெரியுமா? உலகத்துலயே அழுக்கான ஊரு இப்ப எது தெரியுமா? இதுதான்! சீனாவுலகூட ஒரு ஊரு நூறு சதவீதம் டீசல் கிடையாது!"

"சாகேப், பொம்பளைங்க கை..."

"கையை விடுய்யா. மானம் போகுது!"

என்ஜினைக் கழற்றி ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில், கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கொண்டு வந்திருந்த ஒரு சூரிய லாந்தரை எடுத்துப் புர்காராமின் கையில் திணித்து, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஊரில் எரிகிற ஒரே பொருள் அந்த லாந்தர். மாத்துர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே வட்டம் முழுவதற்கும் பச்சை அடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என்ஜின் மைத்துனனுடையது. அதைத் திருப்பிக் கேட்கலாம் என்று புர்காராம் மறுநாள் அந்தத் தகடுகள் நின்ற சூரியப் பூங்காவுக்கு உள்ளேயே இருந்த இயக்ககத்தின் விருந்தினர் மாளிகைக்குப் போனான். லோடா இல்லை. சமையல்காரன் மங்கிலால் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தான். மோரில் ஐஸ் மிதந்தது. ஐஸைப் பார்த்ததும் புர்காராமுக்கு ஏதோ தட்டியது. நிமிர்ந்து பார்த்தான். சுவரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காலி அறை. ஆள் இல்லாத கட்டிலைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

"மங்கிலால், இங்க கரண்ட் எங்கேர்ந்து வருது? தகட்டுலேர்ந்தா?"

"தகட்டுலேர்ந்தா?" மங்கிலாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்க வேலை செய்யுது? உங்க ஊருக்கு முன்னாடி வந்துக்கிட்டு இருந்துதே, அதே கரண்ட்தான். ஊருக்குள்ள விடாம வேலியோரமா சுத்திக்கிட்டு வருது. உங்க மில்லுக்குப் பின்னாடிதான் போகுது, பாத்ததில்லையா? சாகேப்மாருங்க பகல்ல வந்து பசுமையைப் பாத்துட்டு இங்கதான் படுத்துத் தூங்குறாங்க. வேர்க்காதா பாவம்?"

புர்காராம் மோரைக் குடித்து முடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தாபுவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் கல்லைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"கம்பி நம்ம மில்லுக்குப் பின்னாடியா போகுது?"

"ஆமா."

"கொக்கி இருக்கா?"

"அது திருட்டு, தாபு."

"மேய்ச்சக் காட்டைக் கொண்டுபோனது என்ன? என்ஜினைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனது என்ன? எந்திரிங்க. நான் மூங்கிலைப் பிடிக்கிறேன்."

உச்சி வெயிலில், பூங்காவின் காவலாளிகள் நிழல் தேடிப் போன நேரத்தில், இருவருமாகக் கொக்கியை மாட்டினார்கள். மோட்டார் உறுமியது. என்ஜினைக் கழற்றியபோது பாதி அரைபட்டுக் கிடந்த கம்பு முதலில் மாவாகி இறங்கியது. கொஞ்சம் புளித்த நாற்றம் அடித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

விருந்தினர் மாளிகையில் ஏசி திணற ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. லோடா போலீஸோடு வந்தார். போலீஸ் நிலைய அதிகாரியான தாணேதார் பக்தாவர் சிங் கனத்த உடம்புக்காரர். வெயிலில் அழைத்து வந்ததற்காக எல்லோர் மேலும் கோபமாக இருந்தார். மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முதல் தகவல் அறிக்கையைத் திறந்தார். ஊர் கூடி நின்றது. புர்காராம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயில் என்றால் அவன் மில்லும் போச்சு, ஊரின் மாவும் போச்சு.

"சொல்லுங்க சாகேப். திருடு போன பொருள் என்ன?"

"கரண்ட்" என்றார் லோடா.

"எந்தக் கரண்ட்?"

"என்னய்யா எந்தக் கரண்ட்?"

"எழுதணும்ல? போன மாசம் ஆடு திருட்டுக் கேஸ்ல வெள்ளாடா செம்மறியான்னு எழுதலேன்னு மாஜிஸ்ட்ரேட் என்னை நிக்க வச்சுக் கேட்டார். இந்தக் கரண்ட் எதுல செஞ்சது?"

லோடா வேலிப் பக்கம் திரும்பிக் கம்பியைப் பார்த்தார்.

கிர்தாரி பக்கத்தில் நின்றிருந்தான். உதவி செய்கிறவன் போல மெதுவாகச் சொன்னான்: "நிலக்கரிதான் சாகேப். இந்த லைன்ல வர்றது எல்லாம் அதுதானே."

"நிலக்கரி" என்று தாணேதார் எழுதப் போனார்.

"எழுதாதீங்க!" லோடா பேனாவையே பிடித்துவிட்டார். "இது உலகத்தின் மிகப் பெரிய சூரியப் பூங்கா. இங்கே நிலக்கரி மின்சாரம் வருதுன்னு போலீஸ் முத்திரையோட எழுதினா நான் எங்க போய் முகத்தைக் காட்டுறது? கேர்லாசரில் நிலக்கரி கரண்ட் ஓடிச்சுன்னு ஒரு தாள் இருந்தாப் போதும், அடுத்த மாச மாநாட்டுல என் நாற்காலி இருக்காது."

"அப்ப சூரியக் கரண்ட்னு எழுதவா?"

"ஐயய்யோ, அது இன்னும் மோசம்! பூங்காவுல உற்பத்தி ஆகுதுன்னு எழுத்துல வந்தா, தகடு போட்ட கம்பெனிக்காரன் மறுநாளே யூனிட்டுக்கு இவ்வளவுன்னு கேட்டு வந்து நிப்பான். உற்பத்தி ஆகவே இல்லைன்னு அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். ஆகுதுன்னு மாநாட்டுல சொல்லியிருக்கோம்."

தாணேதார் பேனாவை மூடினார். நெற்றி வேர்வையை வழித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அது நிலக்கரி இல்ல, சூரியனும் இல்ல. அப்ப திருடு போனது ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததை இந்த ஆளு எப்படித் திருடியிருப்பான்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். புர்காராம் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தான் ஜெயிலுக்குப் போகவில்லை என்பது மட்டும் விளங்கியது.

லோடா மில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாவு கொட்டிக்கொண்டிருந்தது. கொக்கியைக் கழற்றச் சொன்னால், எதிலிருந்து கழற்றுவது என்ற கேள்வி வரும். அவர் பெரிய அதிகாரி ஆனதே இந்த மாதிரி நேரங்களில் மூளை வேலை செய்ததால்தான்.

"காற்று!" என்றார்.

"என்ன சாகேப்?"

"இந்த மில் காற்றுல ஓடுது. புர்காராம்ஜி, வாழ்த்துகள்! மாநிலத்தின் காற்றாலைத் திறன்ல உங்க மில்லையும் சேத்துடுறேன்."

வாரம் முடிவதற்குள் லாரியில் வந்து இறங்கியது அது. ஆள் உயரத்துக்கு மூன்று வெள்ளை இறக்கைகள், இரும்புக் கம்பம், திறனைப் பொறித்த பித்தளைத் தகடு. மில்லின் கூரையில் நட்டு முறுக்கினார்கள். புர்காராம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இதுலேர்ந்து மோட்டாருக்கு ஒரு கம்பியும் வரலையே கிர்தாரி?"

"நிறுவியாச்சு காகா" என்றான் கிர்தாரி, அவன் கண்ணைப் பார்க்காமல். "இணைக்கிறது அடுத்த திட்டத்துல வரும். காத்து இல்லாத நாள்ல யாராவது பாக்க வந்தா மட்டும் கஷ்டம். அதுக்கு உள்பக்கமா ஒரு கயிறு விட்டிருக்கு. இழுத்தா சுத்தும். காகியை, அதான் உங்க வீட்டம்மாவை, இழுக்கச் சொல்லிட்டார் சாகேப்."

கோடை உச்சத்திலிருந்த ஜேட் மாதத்தில் ஒரு நாள் டென்மார்க்கிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். காற்றாலைகளை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நாட்டுக்காரி. அன்று காற்று என்பது பெயருக்குக்கூட இல்லை. கேஜ்டி என்கிற வன்னி மரத்தின் ஒரு இலை ஆடவில்லை. மணல் கொதித்தது. மில் மட்டும் கொக்கிக் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் கல்யாணம், மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. கூரையில் இறக்கைகள் செத்தது போல நின்றன.

அம்மாள் மில்லின் சத்தத்தைக் கேட்டாள். அண்ணாந்து இறக்கையைப் பார்த்தாள். மறுபடி சத்தத்தைக் கேட்டாள். புருவம் உயர்ந்தது.

"இவங்ககிட்ட அஞ்சாறு வார்த்தை பேசிக்கிட்டு இரு" என்று கிர்தாரியிடம் சொல்லிவிட்டு லோடா மில்லுக்குள் பாய்ந்தார். உள்ளே கயிறு தன்பாட்டுக்குத் தொங்கியது. தாபு அதற்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா உக்காந்திருக்கீங்க? இழுங்க, இழுங்க! வந்துட்டாங்க!"

"முடியாது சாகேப்."

"முடியாதுன்னா?"

"மாசக்கணக்கா கல்லைச் சுத்தியாச்சு. வந்தவங்களுக்கெல்லாம் சிரிச்சும் காட்டியாச்சு. இதையும் நான்தான் சுத்தணுமா? உங்க காத்தாடி, நீங்க சுத்துங்க."

லோடா புர்காராமைப் பார்த்தார். புர்காராம் மேல்தொட்டியில் கம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தான். "நான் நகர்ந்தா பெல்ட் கழண்டுடும் சாகேப்" என்றான். அப்படி அந்த பெல்ட் ஒரு நாளும் கழன்றதில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். வாசலில் நின்ற பெண்களை லோடா பார்த்தார். அவர்கள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்கள். வெளியே அந்த அம்மாள் ஏதோ கேட்பதும், கிர்தாரி திக்குவதும் கேட்டது.

லோடா கோட்டைக் கழற்றி மூட்டைமேல் போட்டார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். கூரையில் கிறீச்சென்று ஒரு சத்தம். இன்னும் பலமாக இழுத்தார். வெளியே கைதட்டல் எழுந்தது.

உள்ளே மாவு புகை போல் பறந்துகொண்டிருந்தது. லோடாவின் தலை வெளுத்தது. மீசை வெளுத்தது. வேர்வை வழிந்த இடத்தில் மாவு குழைந்து கோடு கோடாக இறங்கியது. கை தளர்ந்தபோதெல்லாம் வெளியே ஒரு மௌனம் விழுந்தது. அந்த மௌனம் அவரை மறுபடி இழுக்க வைத்தது.

"காத்து இப்ப நின்னுடும்னு சொல்லிடேன்" என்று கதவோரம் வந்த கிர்தாரியிடம் கெஞ்சினார்.

"சொன்னேன் சாகேப். இவ்வளவு வெப்பத்துல, காத்தே இல்லாத நேரத்துல சுத்துற காத்தாலையை அவங்க உலகத்துல எங்கயும் பாத்ததில்லையாம். நாற்காலி கேட்டு வாங்கி உக்காந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் படம் எடுக்கணுமாம். நீங்க எங்கேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"உற்பத்தியை நேர்ல கவனிச்சுக்கிட்டு இருக்கார்னு சொன்னேன்."

லோடா கயிற்றை மறுபடி இழுத்தார். பேச மூச்சு இல்லை. புர்காராம் மேல்தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, காலியாகப் போகிறது என்று தலையை அசைத்தான். தாபு எழுந்து அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.